யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? ஸ்மார்ட்போன் அந்தரங்கமும் இயங்குதளத் தேர்வும்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான ஒரு குடும்பம் பட்டு எடுக்கத் தியாகராய நகருக்குப் போகிறது. உஸ்மான் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியும் எதுவும் மனதுக்குப் பிடிக்காமல் வீடு திரும்புகிறார்கள். இரவு சாப்பிட்டு முடித்து அம்மா போனை எடுத்தால், திரை முழுக்கக் காஞ்சிபுரம் பட்டு விளம்பரம். “நாம் பேசியதை இது ஒட்டுக்கேட்டிருக்கிறது” என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். “ஆண்ட்ராய்டு என்றாலே அப்படித்தான். பேசாமல் ஐபோன் வாங்கிவிடலாம் அம்மா” என்கிறாள் மகள்.

கல்யாணச் செலவோடு இந்தச் செலவையும் சேர்ப்பதற்கு முன், இயங்குதளம் என்பது எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்துகொள்வது நல்லது. இதற்குக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

போன் ஒட்டுக்கேட்கிறதா?

இந்தப் பயத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை அலசி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒலிவாங்கியை ரகசியமாகத் திறந்து பேச்சைப் பதிந்து அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று. நாம் திரையில் செய்வதையே படமாகப் பிடித்து, நாம் கேள்விப்பட்டிராத வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பும் வழக்கம் சில செயலிகளுக்கு இருந்தது.

குரலுக்குப் பதில் சொல்லும் உதவியாளர்களின் கதை தனி. கூப்பிடாமலேயே ஐபோனின் உதவியாளரான ‘சிரி’ விழித்துக்கொண்டு வீட்டுப் பேச்சைப் பதிந்தது என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்த செய்தி 2025 தொடக்கத்தில் வந்தது. ஐபோன் வாங்கிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பிறகு அந்தப் பட்டு விளம்பரம் எப்படி வந்தது? அம்மாவின் போன் மாலை முழுவதும் உஸ்மான் சாலையில் இருந்தது. இருப்பிட அனுமதி பெற்ற ஏதோ ஒரு செயலிக்கு அது தெரியும். மகள் சில வாரங்களாக முகூர்த்தப் புடவை தேடிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எல்லோருடைய போனும் ஒரே வைஃபையில் இருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே முகவரி. அப்பா கல்யாண மண்டபங்களின் வாடகையை இணையத்தில் பார்த்திருக்கிறார். போதாக்குறைக்கு, ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. வெவ்வேறு செயலிகளில் நாம் செய்வதெல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் போய்ச் சேர்கிறது. இத்தனையும் கையில் இருக்கும்போது விளம்பரக்காரருக்கு நம் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. என்னைக் கேட்டால், ஒட்டுக்கேட்பதைவிட இதுதான் அதிகம் அச்சம் தர வேண்டியது. பேச்சையாவது அடக்கிக்கொள்ளலாம். நடமாடாமல் எப்படி இருப்பது?

வாசலில் நிற்பவர்

போனின் கேமரா, ஒலிவாங்கி, ஜிபிஎஸ், தொடர்பு எண்கள், புகைப்படங்கள் ஆகிய எல்லாவற்றையும் நேரடியாக ஆளும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். ஐபோனில் அது ஐஓஎஸ். மற்றப் பெரும்பாலான போன்களில் ஆண்ட்ராய்டு. எந்தச் செயலியும் கேமராவைத் தானாகத் தொட முடியாது. இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வருபவர் யார், எந்த வீட்டுக்கு என்று கேட்டு, வீட்டுக்காரரின் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் அவர் உள்ளே விடுவார். அதே காவலாளிக்கு, நீங்கள் எத்தனை மணிக்கு வெளியே போனீர்கள், யாரோடு திரும்பினீர்கள் என்பதும் தெரியும். அந்தப் பதிவேடு யாருக்குப் போகிறது என்பது, அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதைப் பொறுத்தது.

ஆகவே அந்தரங்கம் பற்றிய கேள்வி இரண்டாகப் பிரிகிறது. வெளியிலிருந்து வரும் செயலிகளை இயங்குதளம் எவ்வளவு கண்டிப்பாக நிறுத்துகிறது என்பது ஒன்று. இயங்குதளத்தைச் செய்த நிறுவனமே நம்மிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘ஆண்ட்ராய்டா, ஐபோனா’ என்ற வாக்குவாதம் முடிவதே இல்லை.

முதல் கேள்வியில் இரண்டு தளங்களும் நெடுந்தூரம் முன்னேறி வந்திருக்கின்றன. 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 வரும்வரை, ஒரு செயலி கேட்கும் அத்தனை அனுமதியையும் நிறுவும்போதே மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் செயலி கிடையாது. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறும் முறை வந்தது. கேமராவோ ஒலிவாங்கியோ வேலை செய்யும்போது திரையின் மேல் ஓரத்தில் தெரியும் சிறு புள்ளியை 2020-இல் ஐஓஎஸ் 14-உம், 2021-இல் ஆண்ட்ராய்டு 12-உம் கொண்டுவந்தன. துல்லியமான இருப்பிடத்தைத் தராமல் தோராயமான இருப்பிடத்தை மட்டும் தரும் வசதியும் அதே பதிப்புகளில் வந்ததுதான்.

இந்தத் ‘தோராயமான இருப்பிடம்’ எவ்வளவு பயனுள்ளது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மயிலாப்பூரில் இருக்கும் என் சித்தியின் ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், தனியுரிமை டாஷ்போர்டைத் திறந்து காட்டினேன். கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எப்போது எதைத் தொட்டது என்று அதில் மணிவாரியாக இருக்கும். புறநகர் ரயில் டிக்கெட் எடுக்கும் செயலி காலையில் ஒருமுறை இருப்பிடத்தைப் பார்த்திருந்தது. அது நியாயம், நடைமேடைக்கு வந்து, பரிசோதகரைக் கண்ட பிறகு காகிதமில்லா டிக்கெட் எடுப்பதைத் தடுக்க அதற்கு இருப்பிடம் தேவை. அதற்குக் கீழே தினசரி காலண்டர் செயலி ஒன்று. நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப, துல்லியமான இருப்பிடத்தையே எடுத்துக்கொண்டிருந்தது. “ராகுகாலம் பார்க்கத்தானே வைத்திருக்கிறேன், அதற்கு எதற்கு நான் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று?” என்றார் சித்தி. சரியான கேள்வி. ராகுகாலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு ஊர் தெரிந்தால் போதும். மயிலாப்பூரிலும் மாதவரத்திலும் சூரியன் வேறுவேறு நேரத்தில் உதிப்பதில்லை. அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றி, துல்லியத்தையும் அணைத்தோம். காலண்டர் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வானிலைச் செயலிக்கும் இதே கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் மணிக்கொரு தரம் வானிலை பார்க்காதவர் யார்? வேளச்சேரியில் மழை வருமா என்று சொல்ல, உங்கள் வீட்டுக் கதவு எண் அதற்குத் தேவையில்லை.

தொடர்பு எண்களின் விலை

ஓர் அனுமதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உடனடிக் கடன் செயலிகள் நமக்குக் கொடூரமாகக் கற்றுக்கொடுத்தன. கொரோனா ஊரடங்கில் வேலை இழந்தவர்கள், அன்றைய செலவுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு அலைந்தவர்கள், ஆதார் படமும் ஒரு செல்ஃபியும் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பணம் என்ற விளம்பரத்தை நம்பினார்கள். நிறுவும்போது அந்தச் செயலி தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்டது. பணம் தேவைப்படும் ஒருவர் அந்த நேரத்தில் ‘அனுமதி’ என்பதைத்தான் அழுத்துவார். தவணை ஒரு நாள் தவறியதும் அவருடைய மாமனாருக்கும் மேலாளருக்கும் பால்காரருக்கும் ஏச்சும் பேச்சும் போயின. வெட்டி ஒட்டிய ஆபாசப் படங்கள் போயின. அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் இப்படிப்பட்ட கடன் செயலி வழக்கில் சீனர்கள் இருவர் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள்.

அதன் பிறகுதான் விதிகள் வந்தன. கடன் செயலிகள் போனில் உள்ள கோப்புகளையும் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கூகுளும் தன் பிளே ஸ்டோரில் உள்ள கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்பதை 2023 மே 31 முதல் தடை செய்தது. ஆனால் அந்தத் தடை பிளே ஸ்டோருக்குள் மட்டும்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை, அது கட்டுப்படுத்தாது.

ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உள்ள மிகப் பெரிய நடைமுறை வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ‘உங்கள் வாகனத்துக்குப் போக்குவரத்து அபராதம்’ என்றோ ‘எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ்’ என்றோ ஒரு ஏபிகே கோப்பு வருகிறது. ஆண்ட்ராய்டில் அதைத் தொட்டு, எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவிவிட்டால், அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்கும். கொடுத்த மறுநிமிடம் வங்கியின் ஓடிபி திருடன் கைக்குப் போகிறது. ஐபோனில் ஏபிகே நிறுவவே முடியாது. உள்ளே வரும் எஸ்எம்எஸ் பெட்டியையோ அழைப்புப் பதிவையோ படிக்க எந்தச் செயலிக்கும் அங்கே வழியும் இல்லை. வருகிற கோப்பை எல்லாம் திறந்து பார்க்கும் பழக்கமுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே ஐபோனைப் பரிசீலிக்கலாம் என்பேன். ஆண்ட்ராய்டே போதும் என்றால், அமைப்புகளில் ‘தெரியாத செயலிகளை நிறுவு’ என்ற பகுதிக்குப் போய் வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் மூன்றுக்கும் அதை அணைத்துவைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதற்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

செய்தவர் எவ்வளவு எடுக்கிறார்?

இப்போது இரண்டாவது கேள்வி. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆப்பிளின் பெரும் வருமானம் போன் விற்பதிலிருந்து வருகிறது. யாருக்கு நம் தகவல் அதிகம் தேவை என்பது இதிலிருந்தே விளங்கும்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021-இல் கூகுளின் பிக்சல் போன் ஒன்றையும் ஓர் ஐபோனையும் சும்மா வைத்துவிட்டு, அவை எங்கே என்ன அனுப்புகின்றன என்று அளந்தார். இரண்டுமே சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தத்தம் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள ஐஎம்இஐ எண், சிம் விவரம், தொலைபேசி எண் எல்லாம் அதில் போயின. தகவல் பகிர்வை முடிந்த அளவு அணைத்த பிறகும் இது நிற்கவில்லை. அளவில்தான் வித்தியாசம்: ஆப்பிள் எடுத்ததைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு கூகுள் எடுத்தது. அவர் அளந்த முறையே தவறு என்று கூகுள் மறுத்தது. ஆனாலும் ஐபோன் வாய் திறக்காது என்ற நம்பிக்கை அந்த ஆய்வோடு உடைந்துபோயிற்று.

ஆப்பிள் செய்த நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், வேறு செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் எந்தச் செயலியும் உங்களிடம் வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும். ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் விளம்பர எண் அதற்குக் கிடைக்காது. இந்த ஒரு மாற்றத்தால் 2022-இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. நம் நடமாட்டத்துக்கு என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் ஐபோனின் சஃபாரியில் கூகுள் தேடலே முதலில் இருப்பதற்காக, கூகுள் ஆப்பிளுக்கு 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. ஐபோனில் நீங்கள் தேடுவது கூகுளிடம்தான் போகிறது. யூடியூப், ஜிமெயில், கூகுள் மேப்ஸ் என்று எல்லாவற்றையும் அதிலும் நிறுவிக்கொண்டால், கூகுளைப் பொறுத்தவரை நீங்கள் எங்கும் போய்விடவில்லை.

ஆண்ட்ராய்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. கூகுள் தரும் ஆண்ட்ராய்டின் மேல் போன் நிறுவனம் தன் சொந்தப் பூச்சைப் போட்டுத்தான் விற்கிறது. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்களில் பூட்டுத்திரையிலேயே விளம்பரம் வருவதும், கேட்காத விளையாட்டுச் செயலிகள் முளைப்பதும் இதனால்தான். போனின் விலையில் ஒரு பகுதி இப்படி வசூலாகிறது. முதல் நாளே அமைப்புகளைத் தோண்டி ‘பரிந்துரைகள்’, ‘தனிப்பயன் விளம்பரங்கள்’ என்று தெரிகிற எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். விளம்பர அடையாள எண்ணையும் அங்கேயே அழித்துவிடலாம்: அமைப்புகளில் தனியுரிமை, அதில் விளம்பரங்கள், அதில் ‘விளம்பர ஐடியை நீக்கு’. நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் சற்று மாறும், தேடினால் கிடைக்கும்.

மூன்றாவது வழி

இரண்டு நிறுவனங்களையும் விட்டு விலக முடியாதா? முடியும், ஒரு விலை கொடுத்து.

ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து, கூகுளின் சேவைகளைக் கழற்றிவிட்டுத் தங்கள் இயங்குதளத்தைக் கட்டலாம். லினியேஜ்ஓஎஸ் அப்படிப் பிறந்தது. நிறுவனம் கைவிட்ட பழைய போன்களுக்கு அது மறுவாழ்வு தருகிறது. ஆனால் அதை நிறுவ, வேறு இயங்குதளம் ஏறாமல் தடுக்கும் போனின் துவக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் அந்தப் பூட்டை மறுபடி போட முடியாது. போன் திருடுபோனால் இது ஆபத்து.

பாதுகாப்பில் இவற்றுள் முதலிடம் கிராபீன்ஓஎஸ்ஸுக்குக் கொடுப்பேன். அது கூகுளின் பிக்சல் போன்களுக்காகவே உருவானது. பூட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளவும் விடும். கூகுள் பிளே வேண்டுமென்றால் நிறுவலாம், ஆனால் சிறப்பு உரிமை எதுவும் இல்லாமல் மற்றச் செயலிகளைப் போல அடங்கி நடக்க வேண்டும். எந்தச் செயலிக்கும் இணையத்தையே மறுத்துவிடும் அனுமதி அதில் இருக்கிறது. ஒரு செயலி தொடர்பு எண்கள் கொடுத்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தால், நாம் தேர்ந்த இரண்டு பேரை மட்டும் காட்டி, அதுதான் முழுப் பட்டியல் என்று நம்பவைக்கவும் முடியும். கடன் செயலிகளால் சீரழிந்த குடும்பங்களைப் பற்றிப் படித்த எவருக்கும் இந்த வசதி ஏன் எல்லாப் போன்களிலும் ஆரம்பத்திலிருந்தே இல்லை என்ற கோபம் வரும். ஐபோனில் சில தொடர்புகளை மட்டும் பகிரும் வசதி 2024-இல், ஐஓஎஸ் 18-இல்தான் வந்தது.

சென்னைக்காரர்கள் பலரும் கேட்பது பார்ஓஎஸ் பற்றி. கிண்டி வளாகத்தில் உள்ள சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, 2023 ஜனவரியில் அறிமுகமானது அது. இதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்மேல் கட்டப்பட்டதுதான். முன்கூட்டியே நிறுவப்பட்ட செயலி எதுவும் இருக்காது. அந்தந்த நிறுவனம் சரிபார்த்த செயலிகள் மட்டும் அதன் தனிக் கடையிலிருந்து வரும். ரகசியத் தகவல்களைக் கையாளும் நிறுவனங்களை மனதில் வைத்து அறிமுகப்படுத்தப்பட்ட தளம் இது. தனி ஒருவர் ரிச்சி தெருவில் வாங்கிய போனில் ஏற்றிக்கொள்வதற்காக வந்தது அல்ல.

செயில்ஃபிஷ், உபுண்டு டச் போன்றவை ஆண்ட்ராய்டு அல்லாத தளங்கள். ஆர்வலர்களுக்கு நல்லவை, அன்றாட ஒரே போனாக நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காரணம் யுபிஐ. கோயம்பேட்டில் கீரைக் கட்டு வாங்குவதிலிருந்து ஆட்டோக்காரருக்குக் கொடுப்பதுவரை க்யூஆர் குறியில் நடக்கும் ஊர் இது. பல வங்கிச் செயலிகள், போனின் மென்பொருள் கூகுள் சான்றளித்தபடியே இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் திறக்க மறுக்கும். மாற்றுத் தளத்துக்குப் போகிறவர் முதலில் தன் வங்கியின் செயலி அதில் ஓடுகிறதா என்று விசாரிக்க வேண்டும். சிலர் வங்கிக்கென்று ஒரு சாதாரணப் போனைத் தனியே வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அது மோசமான ஏற்பாடு இல்லை.

ரிச்சி தெருவில் கேட்க வேண்டியது

பழைய ஐபோன் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டால் அந்தரங்கம் கிடைத்துவிடும் என்று ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன ஐபோனைவிட, மாதாமாதம் புதுப்பிப்பு வரும் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போனே பாதுகாப்பானது. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை அடைபடாமல் இருந்தால், அனுமதிப் பூட்டுகள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு உள்ளே வரலாம்.

ஆகவே கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும், 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டுகள் என்று அந்த நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. ஐபோன்களுக்கு வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வருகிறது. மலிவு விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இரண்டு, மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். பழைய போன் என்றால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு

இதை ஏனோ யாரும் பேசுவதில்லை. விசைப்பலகைச் செயலி நீங்கள் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கிறது: காதல் கடிதம், மருத்துவரிடம் கேட்ட சந்தேகம், அட்டை எண். ஆண்ட்ராய்டில் புதிய விசைப்பலகையை இயக்கும்போது, கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்று எச்சரிக்கை வரும். தமிழில் எழுத வேண்டிய அவசரத்தில் அதைப் படிக்காமல் ‘சரி’ என்கிறோம். பின்னணிப் படமும் ஸ்டிக்கரும் தரும் பெயர் தெரியாத தமிழ் விசைப்பலகைகளை நம்பாதீர்கள். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் 2013 முதல் ஐஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. வெளிச் செயலி தேவையே இல்லை. வெளியிலிருந்து ஒன்றை நிறுவினாலும் ‘முழு அணுகல்’ என்பதை அணைத்துவைத்தால் அது எழுதியதை வெளியே அனுப்ப முடியாது.

எந்தப் போனாலும் மறைக்க முடியாதவை

அருகில் உள்ள கோபுரத்தோடு பேசாமல் செல்பேசி இயங்காது. அதனால் நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், யாரை எப்போது அழைத்தீர்கள் என்பது சிம் நிறுவனத்துக்குத் தெரிந்தே இருக்கும். ஐபோனானாலும் கிராபீன்ஓஎஸ் ஆனாலும் இது மாறாது. வாட்ஸ்அப் உரையாடல் இரு முனைக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்டதுதான், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டதுதான். ஆனால் அதன் காப்புப்பிரதிக்குத் தனியாக மறையாக்கத்தை இயக்கினால் ஒழிய, அந்தப் பிரதி அதே காவலோடு இருப்பதில்லை.

சட்டம் மெல்ல வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன; அவையும் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. அதே நவம்பர் இறுதியில், புதிய போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை முன்கூட்டியே நிறுவச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் முதல் வாரத்திலேயே திரும்பப் பெற்றது. மக்கள் கேள்வி கேட்டால் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

யாருக்கு எது?

யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். விளம்பரத் தொல்லைதான் பிரச்சினை என்றால் புதிய போன் வேண்டாம். கையில் இருப்பதிலேயே விளம்பர எண்ணை அழித்து, இருப்பிட அனுமதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறைத்தாலே பெரும்பகுதி அடங்கும். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு நான் சொல்வதும் இதைத்தான். அந்தப் பணத்தில் இன்னொரு பட்டு எடுக்கட்டும்.

மோசடிக்காரர்களிடமிருந்து பெற்றோரைக் காக்க வேண்டும், பணமும் இருக்கிறது என்றால், புதுப்பிப்பு வரும் ஐபோன். பணம் இல்லையென்றால் பல ஆண்டுப் புதுப்பிப்பு உறுதியுள்ள ஆண்ட்ராய்டு, ஏபிகே வழி அடைக்கப்பட்டு. கூகுளுக்கே தகவல் போகக் கூடாது, அதற்காகச் சில சிரமங்களைப் பொறுத்துக்கொள்வேன் என்பவருக்குப் பிக்சலும் கிராபீன்ஓஎஸ்ஸும்.

வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கும் பெண்களுக்கு இயங்குதளம் இரண்டாம்பட்சம். திரைப் பூட்டின் எண்ணை யாருக்கும் தெரியாதபடி மாற்றுவது, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் வேறு எந்தச் சாதனம் உள்நுழைந்திருக்கிறது என்று பார்ப்பது, இருப்பிடப் பகிர்வு யாருக்குப் போகிறது என்று சோதிப்பது ஆகியவைதான் முதலில். ஐபோனில் இவற்றை ஒரே இடத்தில் பார்த்து நிறுத்துவதற்குத் தனியுரிமைப் பகுதிக்குள் ‘பாதுகாப்புச் சோதனை’ என்ற பக்கம் இருக்கிறது.

பத்திரிகையாளர், வழக்கறிஞர், செயற்பாட்டாளர் ஆகியோருக்கு நிலைமை வேறு. பெகசஸ் போன்ற உளவு மென்பொருள் ஐபோனுக்குள்ளும் ஆண்ட்ராய்டுக்குள்ளும் புகுந்திருக்கிறது. எந்த இணைப்பையும் தொடாமலே புகக்கூடியது. அப்படிப்பட்டவர்கள் ஐபோன் என்றால் 2022 முதல் உள்ள ‘லாக்டவுன்’ நிலையையும், ஆண்ட்ராய்டு 16 என்றால் ‘மேம்பட்ட பாதுகாப்பு’ நிலையையும் இயக்கிவைக்க வேண்டும். சில இணைப்புகளும் முன்னோட்டப் படங்களும் வேலை செய்யாமல் போகும். அந்தத் தொல்லையைச் சகித்துக்கொண்டு, புதுப்பிப்பு வந்த அன்றே நிறுவி, போனை நாள்தோறும் ஒருமுறை அணைத்துத் திறப்பதும் நல்லது. நினைவகத்தில் மட்டும் தங்கும் உளவு நிரல்கள் சில அதோடு அழிந்துவிடும்.